தேக்கடிக் காடும் சுற்றுலாவும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சுற்றுலா என்னும் சொல்லில் அடங்கியுள்ள 'உலா', தமிழ் மரபில் அரசனோ இறைவனோ வீதியில் எழுந்தருளுவதைக் குறித்தது. பின்னர் அதனைப் பாடும் சிற்றிலக்கிய வகைக்கும் பெயராயிற்று. உலாவில் செல்பவனே தலைவன். வழியில் நிற்போர் அவனைக் காண்போர் மட்டுமே. இதற்கு மாறான பயண மரபு ஒன்றும் தமிழில் உண்டு. அது ஆற்றுப்படை. அங்கே வழி அறிந்தவன் பேசுகிறான். வழி அறியாதவன் கேட்டு நடக்கிறான். மலைபடுகடாம் மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பதோடு, வழி தப்பியோர்க்குக் கானவர் துணைவருவர் என்றும் கூறுகிறது. காட்டில் நுழைபவர் காட்டில் வாழ்பவரின் அறிவைச் சார்ந்தே நடக்க வேண்டும் என்னும் கருத்து அதில் அடங்கியுள்ளது.

இயற்கைப் பகுதிகளுக்குப் பொறுப்புணர்வோடு பயணம் செய்தல் என்னும் இக்காலக் கருத்து, 'சூழல்சார் சுற்றுலா' என்னும் பெயரில் 1980களில் உருப்பெற்றது. மெக்சிகோ நாட்டுக் கட்டடக்கலைஞர் எக்டோர் செபாயோஸ் லாஸ்குரைன் 1983இல் இச்சொல்லை வழங்கியதாகக் கூறுவர். 1990இல் தோன்றிய பன்னாட்டுச் சூழல்சார் சுற்றுலாச் சங்கம் இதற்கு இரு கூறுகளைக் கொண்ட வரையறையை வகுத்தது. ஒன்று, சென்ற இடத்தின் இயற்கையைக் காத்தல். மற்றொன்று, அவ்விடத்து மக்களின் நல்வாழ்வைப் பேணுதல். ஐக்கிய நாடுகள் அவை 2002ஆம் ஆண்டினைச் சூழல்சார் சுற்றுலா ஆண்டாக அறிவித்தது.

முதற்கூறு இந்தியக் காடுகளில் ஓரளவு ஏற்கப்பட்டுள்ளது. இரண்டாவது கூறு எவ்வாறு செயல்வடிவம் பெற்றது, எவ்வளவு பெற்றது என்பதே ஆய்வுக்குரியது. இவ்வினாவிற்கு விடைகாணக் கேரள மாநிலத்துத் தேக்கடியை மையமாகக் கொண்ட பெரியாறு புலிகள் காப்பகத்தின் வரலாறு பெரிதும் துணைபுரிகிறது. அவ்வரலாற்றைக் கால வரிசையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அணையும் ஏரியும்

இன்று இயற்கை அழகு எனப் போற்றப்படும் தேக்கடி ஏரி இயற்கையாக அமைந்தது அன்று. மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்றின் நீரைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைப் படுகைக்குத் திருப்பும் பொருட்டு முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்டது. இதற்கான ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாக வழங்கப்பட்டது. பொறியாளர் பென்னிகுவிக்கின் பொறுப்பில் 1887இல் தொடங்கிய பணி 1895இல் நிறைவெய்தியது. மலைக்காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் தொழிலாளர் பலர் மாண்டனர். மதுரை, இராமநாதபுரம் பகுதிகளின் வறண்ட நிலங்கள் நீர்பெற்றன.

ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேங்கிய நீர், பள்ளத்தாக்கின் காட்டை மூழ்கடித்தது. அன்று மூழ்கிய மரங்களின் பட்டுப்போன அடிமரங்கள் இன்றும் ஏரியின் நடுவே நிற்கக் காணலாம். நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் அவற்றின் மீது அமர்கின்றன. ஏரியைச் சுற்றியுள்ள காடு, நீர்வரத்துக்கு இன்றியமையாதது என்பதால் 1899இல் பெரியாறு ஏரிக் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ஆகவே இக்காட்டின் முதற்காப்பு விலங்குகளின் பொருட்டு ஏற்பட்டதன்று. நீரின் பொருட்டு ஏற்பட்டதாகும். எனினும் கோடையிலும் வற்றாத அந்நீர்ப்பரப்பே யானைகளையும் காட்டெருதுகளையும் கரைக்கு ஈர்த்தது. பின்னாளில் வந்த சுற்றுலாவுக்கு அடிகோலியதும் அதுவே.

வேட்டைக் காப்பிலிருந்து சரணாலயத்திற்கு

1933இல் எஸ்.சி.எச். இராபின்சன் என்பவர் திருவிதாங்கூர் அரசின் வேட்டை விலங்குக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். அடுத்த ஆண்டு, 1934இல், நெல்லிக்காம்பட்டி வேட்டை விலங்குச் சரணாலயம் நிறுவப்பட்டது. ஏரியினுள் நீண்டிருக்கும் இடப்பாளையம் என்னும் இடத்தில் மன்னருக்கு ஓய்வு மாளிகை ஒன்றும் எழுந்தது. இக்காலத்தில் காட்டிற்கு வந்தோர் அரச குடும்பத்தினரும் அவர்தம் விருந்தினருமே ஆவர். சொல்லின் பழம்பொருளில் இதனை 'உலா' எனலாம்.

இந்திய விடுதலைக்குப் பின் 1950இல் சரணாலயம் விரிவாக்கப்பட்டுப் பெரியாறு வனவிலங்குச் சரணாலயம் என்னும் பெயர் பெற்றது. 1978இல் அது புலிகள் காப்பகமாயிற்று. 1982இல் அதன் மையப்பகுதியில் 350 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 777 சதுர கிலோமீட்டராக இருந்த காப்பகத்துடன் 2007இல் கூட்ரிக்கல் வனச்சரகத்தின் 148 சதுர கிலோமீட்டர் சேர்க்கப்பட்டு மொத்தப் பரப்பு 925 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது.

இதற்கிடையே மன்னரின் ஓய்வு மாளிகை கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தங்கும் விடுதியாக மாறியது. படகில் அமர்ந்து கரையோர விலங்குகளைக் காண்பது தேக்கடியின் அடையாளமாயிற்று. அரசர் மட்டும் கண்டதைக் கட்டணம் செலுத்தும் எவரும் காணலாம் என்னும் நிலை ஏற்பட்டது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் காண்பவருக்கும் காட்டுக்கும் இடையிலான உறவு மாறவில்லை. படகில் வந்தவர் விலங்கைக் கண்டார், திரும்பினார். அவருடைய பணம் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் சென்றது. காட்டை அறிந்த மக்களுக்கு அந்த ஏற்பாட்டில் இடமிருக்கவில்லை.

காட்டு மக்களின் நிலை

பெரியாற்றுக் காட்டோடு தொடர்புடைய பழங்குடியினருள் மன்னான், பளியர், ஊராளி, மலையரையர், மலைப்பண்டாரம் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். இவர்களுள் மன்னான்கள் தம் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர் என்னும் மரபுச் செய்தியை உடையவர்கள். அவர்தம் பேச்சில் தமிழின் சாயல் மிகுதி. காட்டின் உள்ளே வாழ்ந்த மன்னான், பளியர் குடும்பங்கள் 1940களில் குமுளியை அடுத்த குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. ஏரியில் மீன்பிடித்தல், தேனும் கிழங்கும் சேகரித்தல், சிறு அளவில் மிளகு பயிரிடல் ஆகியவை அவர்களின் வாழ்வாதாரமாயின. விளையவிருக்கும் மிளகை ஈடாகக் காட்டி வணிகரிடம் பெற்ற கடன், பல குடும்பங்களில் நிலத்தையே அவர்கள் கையிலிருந்து நழுவச் செய்தது.

காட்டின் மறுபக்கம் தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கு. இரு மாநில எல்லையோர ஊர்களிலும் வேலையற்ற இளைஞர் சிலர் குழுக்களாகக் காட்டிற்குள் புகுந்து சந்தனம் வெட்டினர், கள்ளவேட்டையாடினர், மலையாளத்தில் வயணை என வழங்கும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்து விற்றனர். பட்டையை முழுதும் இழந்த மரம் பட்டுப்போகும். வனத்துறைக்கும் இவர்களுக்கும் இடையே மோதலும் வழக்குகளும் தொடர்ந்தன. சட்டத்தின் பார்வையில் காட்டிற்கு வருவோர் இருவகையினராயினர்: கட்டணம் செலுத்தி வருவோர் விருந்தினர், அது செலுத்தாமல் வருவோர் குற்றவாளிகள். காட்டின் தடங்களை நன்கு அறிந்திருந்தோர் பெரும்பாலும் இரண்டாம் வகையிலேயே வைக்கப்பட்டனர் என்பது இக்காலக்கட்டத்தின் முரணாகும்.

1996ஆம் ஆண்டுத் திட்டம்

இந்நிலையை மாற்றிய திருப்புமுனை, 1996இல் தொடங்கி 2004இல் நிறைவுற்ற இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டமாகும். உலக வங்கி, உலகச் சூழல் நிதியம் ஆகியவற்றின் உதவியுடன் நாட்டின் ஏழு காப்பிடங்களில் இது நிறைவேற்றப்பட்டது. பக்சா, கிர், நாகரகொளை, பாலமாவு, பெஞ்ச், இரண்தம்பூர் ஆகியவற்றோடு பெரியாறும் அவற்றுள் ஒன்று. காட்டைச் சார்ந்து வாழ்வோருக்கு மாற்று வாழ்வாதாரம் அளித்துக் காட்டின் மீதான அழுத்தத்தைக் குறைப்பதே திட்டத்தின் அடிப்படை.

ஒரே திட்டம் எல்லா இடத்திலும் ஒரே விளைவைத் தரவில்லை. கர்நாடகத்தின் நாகரகொளையில் பழங்குடியினர் இத்திட்டத்தைத் தம்மை வெளியேற்றும் முயற்சியாகவே கண்டனர். அவர்கள் சார்பில் 1998இல் உலக வங்கியின் ஆய்வுக்குழுவிடம் முறையீடும் செய்யப்பட்டது. அதே காட்டினுள் அமையவிருந்த தனியார் சுற்றுலா விடுதி ஒன்றை எதிர்த்து அவர்கள் போராடினர்; 1997இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அவ்விடுதிக்குத் தடை விதித்தது. காட்டில் குடியிருப்போரை வெளியேற்ற முனையும் அரசு விடுதிக்கு இடமளிப்பது எவ்வாறு முறையாகும் என்பதே அங்கு எழுந்த வினா.

பெரியாற்றில் வேறு பாதை பின்பற்றப்பட்டது. 70க்கும் மேற்பட்ட சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. இவை ஊர் அடிப்படையில் மட்டும் அமையவில்லை. காட்டை எவ்வகையில் பயன்படுத்தினர் என்பதன் அடிப்படையிலும் அமைந்தன. விறகு சேகரிப்போர், மீன்பிடிப்போர், சபரிமலை வழியில் பருவக்காலக் கடை நடத்துவோர் எனத் தனித்தனிக் குழுக்கள் தோன்றின. மன்னான் குடியிருப்பில் மிளகுக் கடனை அடைத்து, விளைச்சலைக் குழுவின் வழியே விற்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. சுற்றுலாவைப் பற்றிப் பேசும்போது இச்செயல் பெரும்பாலும் குறிப்பிடப்படுவதில்லை. ஆனால் கடனிலிருந்து மீண்டதே அம்மக்கள் காட்டுக்காப்பில் பங்கேற்க வழிவகுத்தது எனலாம்.

பட்டை உரித்தோர் வழிகாட்டியரானமை

குழுக்களுள் பெரிதும் பேசப்பட்டது முன்னாள் வயணைப்பட்டை சேகரிப்போர் குழுவாகும். பட்டைக் கடத்தலில் ஈடுபட்டிருந்த 23 பேர் தம் தொழிலைக் கைவிட்டு வனத்துறையுடன் இணைய முன்வந்தனர். கடத்தல் வழிகளையும் கூட்டாளிகளையும் பற்றிய செய்திகளை அவர்கள் தந்தனர். அவர்கள் மீதிருந்த வழக்குகளைத் திரும்பப்பெற அரசு இசைந்தது. 1998இல் அவர்களைக் கொண்டு 'பெரியாறு புலித்தடம்' என்னும் நடைப்பயணம் தொடங்கப்பட்டது.

இப்பயணத்தின் அமைப்பு கருதத்தக்கது. ஒரு பயணத்தில் ஐந்து பேருக்கு மேல் அழைத்துச் செல்லப்படுவதில்லை. அவர்களுடன் ஐந்து வழிகாட்டிகளும் ஆயுதம் தாங்கிய வனக்காவலர் ஒருவரும் செல்வர். காட்டினுள் கூடாரமிட்டு ஓரிரவோ ஈரிரவோ தங்குவர். உணவு சமைப்பவரும் வழிகாட்டிகளே. வருவாய் குழுவின் பொது நிதியில் சேர்க்கப்பட்டு, அதிலிருந்து உறுப்பினர்களுக்கு மாத ஊதியம் வழங்கப்படுகிறது. அன்றன்று வந்த பயணிகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒருவருடைய வருவாய் கூடுவதோ குறைவதோ இல்லையாதலால், மிகுதியான பயணிகளைச் சேர்க்கும் ஆசைக்கு இடம் குறைகிறது.

பயணிகள் நடக்கும் தடங்கள் பெரும்பாலும் பழைய கடத்தல் தடங்களே. எனவே ஒவ்வொரு நடைப்பயணமும் ஒரு காவல் சுற்றாகவும் அமைகிறது. புதிய காலடியோ அணைந்த அடுப்போ வெட்டுண்ட மரமோ கண்ணிற்பட்டால் வழிகாட்டி அதனை உடனே அறிவார். முன்னர் அத்தடயங்களை மறைத்துப் பழகியவரும் அவரே. பயணி செலுத்தும் கட்டணம் இவ்வாறு காவலுக்கான செலவாகவும் மாறுகிறது.

இதன்பின் மன்னான், பளியர் இளைஞர் வழிநடத்தும் காட்டுநடை, மூங்கில் தெப்பப் பயணம், எல்லை நடை, இரவுக் காவலர்களுடன் செல்லும் நடை ஆகியவை தோன்றின. தமிழ்நாட்டு எல்லையைச் சேர்ந்த முன்னாள் கடத்தல்காரர்களைக் கொண்டு 'விடியல்' என்னும் குழு அமைக்கப்பட்டது. காடு மாநில எல்லையோடு முடிவதில்லை என்பதால், எல்லைக்கு அப்பாலுள்ளோரையும் காப்பில் சேர்த்தது இன்றியமையாத செயலாயிற்று.

2002இல் ஊர்ப்பெண்கள் 'வசந்தசேனை' என்னும் தன்னார்வக் காவற்படையை உருவாக்கினர். நாள்தோறும் சிறு குழுவாகக் காட்டின் விளிம்பில் சுற்றிவந்து மரவெட்டையும் கள்ளவேட்டையையும் தடுப்பது அவர்களின் பணி. அவர்கள் ஊதியம் பெறவில்லை. இது அவர்களின் பற்றுக்குச் சான்று என்று பாராட்டப்படுகிறது. வழிகாட்டிகளாகிய ஆண்களுக்கு ஊதியமும், காவல்புரியும் பெண்களுக்குப் பாராட்டும் என்னும் பாகுபாடு அதில் அடங்கியிருப்பதையும் மறுக்க இயலாது.

சட்டமும் அறக்கட்டளையும்

வெளியுதவித் திட்டங்கள் முடிந்தவுடன் அவற்றின் வழி எழுந்த அமைப்புகளும் மறைவது வழக்கம். பெரியாற்றில் அவ்வாறு நிகழாமைக்குக் காரணம் 2004இல் பதிவு செய்யப்பட்ட பெரியாறு அறக்கட்டளையாகும். பயணிகளிடமிருந்து பெறப்படும் சூழல் கூடுதற்கட்டணம் இதற்கு வருகிறது. அது காப்பகத்திற்கும் குழுக்களுக்கும் செலவிடப்படுகிறது. 2006இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், புலிகள் காப்பகம் ஒவ்வொன்றிலும் இத்தகைய அறக்கட்டளையை நிறுவ வகைசெய்தது. அதற்குப் பெரியாறு முன்மாதிரியாயிற்று.

அதே 2006இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோருக்கு நிலத்தின் மீதும் சிறுவனப் பொருள்களின் மீதும் உரிமையை ஏற்றது. ஒரு சட்டம் வருவாயில் பங்கு தந்தது. மற்றது உரிமையில் பங்கு தந்தது. இவ்விரண்டும் வேறுவேறானவை. வழிகாட்டி வேலை ஓர் அரசாணையால் வந்தது. மற்றோர் ஆணையால் அது நீங்கவும் கூடும். உரிமையின் நிலை அத்தகையதன்று.

2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதிகளில் சுற்றுலாவிற்கு உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அக்டோபரில் தேசியப் புலிகள் காப்பு ஆணையத்தின் நெறிமுறைகள் வெளியானபின் தடை நீங்கியது. மையப்பகுதியில் 20 விழுக்காட்டிற்கு மேல் சுற்றுலாவிற்குப் பயன்படுத்தலாகாது, அங்குப் புதிய நிலையான சுற்றுலாக் கட்டுமானங்கள் கூடா என்பன அவற்றுள் முதன்மையானவை.

இரு பேரிடர்கள்

பெரியாற்றின் வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் கூறுவது பொருந்தாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்னும் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திற்குரிய அப்படகு ஓடத்தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. கரையில் தோன்றிய விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கத்திற்கு நகர்ந்தபோது அது கவிழ்ந்தது. அளவிற்கு மீறிய ஆட்களும் படகின் நிலைப்பாட்டுக் குறையும் காரணங்களாகப் பேசப்பட்டன. ஐந்து பேருக்கு ஐந்து வழிகாட்டிகள் என்னும் ஏற்பாடும், நூற்றுக்கணக்கானோரை நாள்தோறும் ஏற்றிச் செல்லும் படகுகளும் ஒரே கரையிலிருந்தே புறப்பட்டன என்பதை இந்நிகழ்ச்சி வெளிப்படுத்தியது.

2011 ஜனவரி 14 அன்று மகரவிளக்கைக் கண்டு திரும்பிய சபரிமலை அடியார்களுள் 100க்கும் மேற்பட்டோர் புல்மேட்டில் நெரிசலில் சிக்கி மாண்டனர். அவ்விடமும் பெரியாற்றுக் காட்டுப் பகுதியைச் சார்ந்ததே. நம்பிக்கையால் வருவோரும் பொழுதுபோக்கிற்காக வருவோரும் நோக்கத்தால் வேறுபட்டவர். எண்ணிக்கையால் காட்டின் மீது ஏற்றும் சுமை ஒன்றே.

இதே காட்டில் மாறான எடுத்துக்காட்டும் உண்டு. மலையுச்சியிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரை முழுநிலா நாளில் மட்டுமே மக்கள் செல்ல இசைவு அளிக்கப்படுகிறது. இரு மாநில அதிகாரிகளும் கூடி நேரத்தை வரையறுக்கின்றனர். ஞெகிழிப் பொருள்களைத் தடுக்கின்றனர். மறுநாள் காடு பழையபடி விலங்குகளுக்கு உரியதாகிறது. வரம்பிட்டால் மக்கள் வரமாட்டார்கள் என்னும் அச்சத்திற்கு அடிப்படையில்லை என்பதை அந்நாளில் கூடும் கூட்டமே காட்டுகிறது.

முடிவுரை

பெரியாற்றின் வரலாறு மூன்று உண்மைகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, பொறுப்புடைய பயணம் என்பது பயணியின் நற்பண்பை மட்டும் சார்ந்ததன்று. குப்பை போடாத, உரக்கப் பேசாத நல்ல பயணியும் கொள்ளளவு மீறிய படகில் ஏறினால் இடருக்கே உள்ளாகிறார். எண்ணிக்கையின் வரம்பு, வழிகாட்டும் உரிமை, பணம் சேரும் இடம் ஆகிய மூன்றையும் முறைப்படுத்தும் அமைப்பே பயணத்தைப் பொறுப்புடையதாக்குகிறது.

இரண்டாவது, காட்டை அழித்த அறிவும் காட்டைக் காத்த அறிவும் வேறல்ல. வயணை மரம் எங்குள்ளது என்பதை அறிந்தவரே அதனை உரித்தார். பின்னர் அவரே காத்தார். இடையில் மாறியது அவ்வறிவுக்கு நேர்மையான கூலி கிடைத்தமையும், அதனை உடையவருக்கு மதிப்புக் கிடைத்தமையும் ஆகும்.

மூன்றாவது, இம்மாற்றம் இன்னும் முழுமை பெறவில்லை. நடைப்பயணத்தில் காட்டு மக்கள் வழிநடத்துகின்றனர். எத்தனை படகுகள் ஓடவேண்டும், எந்தப் பகுதி மூடப்படவேண்டும், வருவாயை எவ்வாறு செலவிடவேண்டும் என்பவற்றை முடிவுசெய்யும் அவையில் அவர்களின் குரலுக்கு அத்தகைய இடம் உறுதிப்படவில்லை. காவல்புரியும் பெண்களின் உழைப்புக்கு உரிய கூலியும் வரையறுக்கப்பட வேண்டும். ஏனைய காப்பகங்கள் பெரியாற்றைப் பின்பற்ற விரும்பினால் அங்குள்ள நடைப்பயணத்தை மட்டும் பின்பற்றுதல் போதாது. அதற்கு முன் நிகழ்ந்த கடன்மீட்பையும் வழக்கு நீக்கத்தையும் கருத வேண்டும். அதற்குப் பின் நிகழவேண்டிய உரிமைப் பங்கீட்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.